நிலாப்பாக்கத்தில் ஒரு பழைய ப்ராசஸர்

காலையில் பல் விளக்கி முடித்ததும் ஏகாம்பரம் பிடரியில் குளிர்களிம்பைத் தடவிக்கொண்டு, ஒரு டம்ளர் சர்க்கரைக் கஞ்சியை மடமடவென்று குடித்துவிட்டு, நிமலன் வீட்டு விளையாட்டுக் கணினிக்குள் ஏறி உட்கார்ந்தான். முழங்கால்களை மார்போடு ஒட்டி மடக்கிக்கொள்ள வேண்டும். முதுகைச் சாய்த்தால் பிடரியில் பதித்த செருகி பெட்டியின் கொக்கியில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். பிறகு யாராவது வெளியிலிருந்து கதவைச் சாத்துவார்கள். உள்ளே பழைய வியர்வையும் களிம்பின் காறல் வாடையும் கலந்து அடிக்கும். இரண்டும் அவனுடையதுதான். தன்னுடையது என்பதற்காக நாற்றம் மணக்குமா என்ன?

நிலாப்பாக்கத்தில் இதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. நிலவில் இரவு என்று ஒன்று வந்தால் பூமிக் கணக்கில் இரண்டு வாரம் விடியாது. அந்த இரண்டு வாரத்துக்கும் சேர்த்து வைத்த மின்சாரத்தில் மூச்சுக்காற்றை ஓட்ட வேண்டும், செடிகளைக் காப்பாற்ற வேண்டும், குளிரில் குழாய் வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அரக்கன் தலையை வெட்டி விளையாடுவதற்காக ஒரு தெருவுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சில்லுக் கணினிக்கு ஊற்ற முடியுமா? மனித மூளைக்கோ இருபது வாட் போதும். நாலு இட்லியும் கொஞ்சம் சட்னியும் போட்டால் நாள் முழுக்க ஓடும். கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பவன் மூளைகூடப் போன வாரச் சண்டையையும் பக்கத்து வீட்டுக்காரியையும் அசைபோட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வெட்டி வேலையை வாடகைக்கு விட்டால் என்ன என்று எவனோ ஒரு புண்ணியவான் யோசித்தான். அன்றோடு தொலைந்தது.

இப்படித் தலையை வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு அரசாங்கம் செயலாள் என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறது. வீடுகளில் அப்படி யாரும் சொல்வதில்லை. சில்லுகள் இருந்த காலத்துச் சொல்லே நாக்கில் ஒட்டிக்கொண்டது. "எங்க வீட்டு ப்ராசஸர் இன்னிக்கு லீவு" என்பார்கள். ஏகாம்பரத்துக்கும் அது பழகிப்போயிருந்தது. நாற்பத்து நாலு வயதில் ஒருவன் தன்னை எதுவென்று அழைத்தாலும் திரும்பிப் பார்க்கப் பழகிவிடுகிறான்.

பழகாதது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் எச்சம். செயலாளுக்குத் திரை தெரியாது. ஆனால் மூளை கணக்குப் போட்ட பொருளின் சுவையும் வாடையும் வேலை முடிந்த பிறகும் நாக்கிலும் மூக்கிலும் தங்கிவிடும். பாடப்புத்தகம் ஓட்டுகிறவர்களுக்குச் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஏதோ இருக்குமாம். நிமலன் விளையாடுவது 'குருதிக்கோட்டை'. வாசலுக்கு வாசல் தலை உருளும், குடல் சரியும். ஆகவே ஏகாம்பரம் மாலையில் பெட்டியை விட்டு இறங்கும்போது வாயில் துருப்பிடித்த இரும்பும் ஆட்டுக்கடை வாசலும் சேர்ந்து குமட்டும். எத்தனை தடவை கொப்பளித்தாலும் போகாது. காறித் துப்புவான், பிறகு சாப்பிடுவான். இது எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொள்வான்.

எதைவிடத் தேவலை என்பது அவனுக்குத் தெரியும். வீடுகளிலிருந்து கழிக்கப்பட்ட செயலாள்களை நகராட்சி எடுத்துக்கொள்ளும். நிலவில் வேலை இல்லாமல் மூச்சுவிட யாருக்கும் உரிமை கிடையாது. நகராட்சியில் பழைய தலைகளுக்கு இருக்கும் ஒரே வேலை கழிவுநீர் நிலையத்தில். ஊர் முழுவதும் கழிக்கிறதை எந்தக் குழாயில் விடுவது, எந்தத் தொட்டியில் கலக்குவது, எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று நாள் முழுக்கக் கணக்குப் போட வேண்டும். அதன் எச்சம் என்னவென்று விவரித்து உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஏகாம்பரத்தின் பழைய கூட்டாளி வரதன் அங்கே போனான். ஒருநாள் ஏகாம்பரம் அவனைப் பார்க்கப் போயிருந்தபோது வரதன் தட்டில் வெள்ளைச் சோறும் மோரும் இருந்தன. வரதன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மறு கையால் சோற்றை வாய்க்குள் தள்ளி மருந்து மாதிரி விழுங்கினான். "மூக்கப் பொத்தி என்னடா பிரயோஜனம், வாடை வெளிய இல்லயே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் வாந்தி எடுத்தான். அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்கு வாழ்க்கையில் ஒரு பயம்தான். மற்ற பயமெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன.

அந்தப் பயம் ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் தட்டியது. கதவு என்றால் பெட்டியின் கதவு. தட்டியது நிமலனின் கை.

"ஏம்ப்பா ஏகாம்பரம்! தூங்கறியா உள்ள?"

நிமலன் காற்று ஒதுக்கீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். வயது நாற்பத்தாறு. வெள்ளிக்கிழமைதோறும் அலுவலகச் சகாக்கள் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து குருதிக்கோட்டைக்குள் இறங்குவார்கள். ஏழாம் வாசலில் நரிமுகத்தோடு ஒரு காவலன் நிற்பான். மற்றவர்கள் எல்லோரும் அவனைக் கடந்து எட்டாம் வாசலில் எச்சில் துப்பிக்கொண்டு நின்றார்கள். நிமலன் மட்டும் மாதக்கணக்கில் ஏழாம் வாசலிலேயே செத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். முழிச்சுத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன் படம் நிக்குது? வாள ஓங்கறேன், அப்படியே நின்னுடுது. மறுபடி ஓடறதுக்குள்ள அவன் என் தலைய எடுத்துடறான். ச்சே! ஆபீஸ்ல அத்தன பேரும் பல்லக் காட்டறானுங்க."

படம் நின்றது உண்மைதான். கண்ணிமைக்கும் நேரம் நின்றது. அதற்காகத் தலை போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லும் இடத்தில் ஏகாம்பரம் இல்லை. "களிம்பு மாத்திப் பாக்கறேன் சார்" என்றான்.

"களிம்பெல்லாம் மாத்தியாச்சு. ரெண்டு இட்லி கூடப் போட்டும் பாத்தாச்சு. உனக்கு வயசாயிடுச்சுப்பா. உன்னத் தப்பு சொல்லல. எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்குல்ல?"

தன்னைவிட இரண்டு வயது மூத்தவர் வாயிலிருந்து இதைக் கேட்க வேண்டியிருந்தது. ஏகாம்பரம் பெட்டியை விட்டு இறங்கிக் கொப்பளிக்கப் போனான். வாய்க்குள் நரிமுகனின் ரத்தம் நாறிக்கொண்டிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நிமலனும் அவர் மனைவி ஆதிரையும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து புது ப்ராசஸர் தேட ஆரம்பித்தார்கள். எதை வைத்துத் தேடுவது? வீட்டில் இருப்பது ஒரே கணினி. "ஏகாம்பரம், கொஞ்ச நேரம் மறுபடி உக்காருப்பா, ஒரு சின்ன வேலை" என்றார் நிமலன். ஏகாம்பரம் வாய் கொப்பளித்த தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி பெட்டிக்குள் ஏறினான். மூத்தவளையே கூப்பிட்டு இளையவளுக்கு ஜாதகம் பார்க்கச் சொன்ன கதைதான். இதில் இருவருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை. பழைய போனிலேயே புது போன் தேடியவர்களின் வம்சம் அல்லவா.

திரை தெரியாவிட்டாலும் பக்கத்து அறைப் பேச்சு மாதிரி விஷயம் அவன் தலைக்குள் அரைகுறையாக ஓடியது. இருபத்திரண்டு வயது, பூமியிலிருந்து வந்த புதுச்சரக்கு, பொறியியல் பட்டம், சூடு குறைவு, சாப்பாடு குறைவு. இருபத்தைந்து வயது, கோயமுத்தூர்ப் பக்கம், இரட்டைப் பட்டம், தூக்கமே தேவையில்லை. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு, 'இவன் சோம்பேறி, இவனுக்கு வலிப்பு, இவன் தலையில் பேன்' என்று நினைத்துப் பார்த்தான். பயனில்லை. வாடகைக்கு விட்ட பகுதிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது தன்பாட்டுக்குக் கூட்டிக் கழித்து, இருபத்தோரு பெயர்களை வரிசைப்படுத்தி, ஏகாம்பரத்தின் பெயரைக் கடைசியில் போட்டது. அவன் தலையே அவன் தலையில் கல்லைப் போட்டது.

"பாத்தீங்களா, நம்மது லிஸ்ட்ல கடைசி" என்றாள் ஆதிரை.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல."

"ஆனா புதுசுக்கெல்லாம் உச்சியிலதானாம் செருகி. நம்ம பெட்டி பிடரிக்கொக்கி. பெட்டிய மாத்தணும். பெட்டிய மாத்தினா இந்த அலமாரில நிக்காது, அலமாரிய ஒடைக்கணும். அலமாரி மேலதான் சாமி படம். எங்க கொண்டு போய் வைக்கறது?"

"சாமி எங்க வெச்சாலும் சாமிதான். நாளைக்குத் தாஸை வரச் சொல்றேன். ஒருத்தனக் கூட்டிட்டு வந்து காட்டட்டும், பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

தன் வாழ்வையும் சாவையும் இவர்கள் அலமாரிக் கணக்கோடு சேர்த்துப் பேசுவதைப் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தபடி கேட்ட ஏகாம்பரத்துக்கு வயிற்றைப் புரட்டியது. அது எச்சம் அல்ல. அவனுடைய சொந்தக் குமட்டல். அலமாரி ஜெயிக்க வேண்டும் என்று அவன் சாமி படத்தையே வேண்டிக்கொண்டான்.

மறுநாள் தாஸ் வந்தார். செயலாள் தரகும் அவரே, பொருத்துவதும் அவரே. கையில் ஒயர்ப் பெட்டி, பின்னால் ஒல்லியாக ஒரு இளைஞன். பெயர் நவநீதன். உச்சந்தலையில் காசு அகலத்துக்கு மழித்த இடத்தில் புதுச் செருகி பளபளத்தது. ஆதிரை வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் வைத்தாள். நிலாப்பாக்கத்தில் புது ப்ராசஸர் பார்க்க வந்தால் பஜ்ஜி கேசரி வைப்பது வழக்கம். எந்த வழக்கம் பூமியிலேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ அதுதான் முதல் ராக்கெட்டில் ஏறிவிடுகிறது.

"தலையக் குனிப்பா" என்றாள் ஆதிரை. நவநீதன் குனிந்தான். அவள் இரண்டு விரலால் முடியை விலக்கிப் பார்த்தாள். "பொடுகு இருக்கா?"

"இல்லங்க மேடம்."

"பொடுகு இருந்தா கொக்கி சரியா புடிக்காதுன்னு சொல்றாங்களே, அதான் கேட்டேன். ஒத்தத் தலவலி உண்டா?"

"இல்லங்க."

"காதல் கீதல்?" என்றார் நிமலன்.

இளைஞன் தாஸைப் பார்த்தான். தாஸ் முந்திக்கொண்டார். "அதெல்லாம் சுத்தமா கெடயாது சார். காதலிக்கறவன் மண்ட சீக்கிரம் சூடாயிடும்னு எனக்குத் தெரியாதா? பையன் எஞ்சினியர். அவன் உண்டு, அவன் புக்கு உண்டு. கறி மீன் கேக்க மாட்டான். தனி டம்ளர் கொடுத்தாப் போதும்."

ஒரு பாட்டுப் பாடச் சொல்லாததுதான் பாக்கி. சமையலறை வாசலில் நின்ற ஏகாம்பரத்தின் கையில் ஒரு ஈரத்துணி இருந்தது. புது ஆள் பார்ப்பதற்காகப் பழைய ஆளே பெட்டியைத் துடைத்து வைக்க வேண்டும் என்பது இந்த வீட்டு நியாயம். துடைத்த துணியில் அத்தனை வருஷத்து அழுக்கு மெழுகு மாதிரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து ஆதிரை முகத்தைச் சுளித்து, "அய்யே, இதுக்குள்ளயா இருந்தே" என்றாள். யார் சொல்லி இருந்தானாம்?

உச்சிச்செருகி பெட்டிக்குள் பொருந்தாததால் தாஸ் நவநீதனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, தற்காலிகமாக ஒயர் இழுத்து மாட்டினார். "இப்ப பாருங்க சார்" என்றார்.

திரை திறந்தது. ஏகாம்பரம் முதன்முறையாகக் குருதிக்கோட்டையைக் கண்ணால் பார்த்தான். இத்தனை காலம் அவன் மூளை எதைச் சமைத்துக் கொடுத்தது என்று அன்றுதான் தெரிந்தது. சுவரெல்லாம் சதை. புண்ணில் சீழ், சீழில் ஈ, ஈயின் காலில்கூட மயிர் தெரிந்தது. நவநீதனின் மூளை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. படம் எங்கும் நிற்கவில்லை, திக்கவில்லை, எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆதிரை கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நிமலன் மட்டும், "அடேங்கப்பா! இதல்லவா ப்ராசஸர்!" என்று துள்ளினார். போயிற்று. எல்லாம் போயிற்று. ஏகாம்பரத்தின் தொண்டைக்குள் வரதனின் மோர்ச்சோறு வந்து நின்றது.

நிமலன் ஒவ்வொரு வாசலாக வெட்டிச் சாய்த்துக்கொண்டு ஏழாம் வாசலுக்கு வந்தார். நரிமுகன் வாளை எடுத்தான். நிமலன் வாளை ஓங்கினார். படம் நிற்கவில்லை. நரிமுகன் அவர் தலையை எடுத்துக்கொண்டான்.

"ஒரு நிமிஷம், கை வழுக்கிடுச்சு" என்றார் நிமலன்.

மறுபடி ஆடினார். மறுபடியும் தலை போனது. படம் அத்தனை தெளிவாக இருந்ததால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது. நரிமுகன் வாளை எடுக்கிறான், தோளைத் திருப்புகிறான், சாவகாசமாக வருகிறான். வா, வந்து தடுத்துக்கொள் என்று கூப்பிடாத குறைதான். நிமலனின் வாளோ திருவிழாத் தேர் மாதிரி அசைந்து அசைந்து வந்து, தலை போன பிறகு எழுந்தது. மூன்றாம் தடவை, நான்காம் தடவை. திரையின் மூலையில் புது ப்ராசஸர் தன் கடமையைத் தவறாமல் செய்து ஒரு வரி காட்டியது: 'கணினித் தாமதம் இல்லை. ஆட்டக்காரர் தாமதம்.'

நவநீதன் கண்ணை மூடியபடி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தாஸ் பஜ்ஜியில் இருந்த எண்ணெயைத் தாளில் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆதிரைக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்ப படம் நிக்கலயே?" என்றாள்.

நிமலனின் முகம் போன போக்கை ஏகாம்பரம் பார்த்தான். விளக்குமாற்றால் அடிபட்டவர் போலக் காதுவரைக்கும் சிவந்துவிட்டார். கையிலிருந்த ஆட்ட விசையைப் பொத்தென்று மேஜைமேல் வைத்தார்.

"இது சரிப்படாது தாஸ்."

"என்ன சார் கொற? நீங்களே அடேங்கப்பான்னீங்களே?"

"படம் ரொம்ப... ரொம்பத் தெளிவா இருக்கு. கண்ணு வலிக்குது. அப்புறம் பெட்டி மாத்தணும், அலமாரி ஒடைக்கணும், சாமி படத்த எறக்கணும். எதுக்குய்யா? ஏகாம்பரம் பழகின தலை. இத்தன வருஷம் நம்ம வீட்டுக் கஞ்சி குடிச்ச மனுஷன வயசாச்சுன்னு தூக்கிப் போடறதா? நாம என்ன மிருகமா?"

"நேத்து நீங்கதானே..." என்று ஆரம்பித்த ஆதிரை கணவனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தாஸ் ஒயரைச் சுருட்டினார். நவநீதனின் செருகியில் ஒட்டியிருந்த களிம்பைக் கட்டைவிரலால் வழித்துத் தன் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டு அவனைக் கூட்டிப்போனார். நிமலன் வந்து ஏகாம்பரத்தின் தோளில் கை போட்டார். "நீ எங்க குடும்பத்துல ஒருத்தன் மாதிரிப்பா" என்றார். அந்தக் கை வியர்வையில் பிசுபிசுத்தது.

பிறகு, "வா, ஒரு ஆட்டம் போடலாம்" என்றார். ஏகாம்பரம் பெட்டிக்குள் ஏறினான். ஏழாம் வாசலில் படம் வழக்கம்போல் கண்ணிமைக்கும் நேரம் நின்றது. நிமலனின் தலை போனது. பெட்டியில் 'டம்'மென்று ஓர் அடி விழுந்தது.

"பாத்தியா ஆதிரை? பழைய ப்ராசஸரை வெச்சிக்கிட்டு மனுஷன் எப்படி ஜெயிக்கறது!" என்று கத்தினார் நிமலன். அந்தக் குரலில் எத்தனை நிம்மதி! கடன் அடைந்தவனுக்குக்கூட அப்படி ஒரு குரல் வராது.

பெட்டிக்குள் ஏகாம்பரத்துக்கு எல்லாம் விளங்கியது. இந்த வீட்டில் தன்னுடைய வேலை கணக்குப் போடுவது அல்ல, பழியைச் சுமப்பது. இவர் தோற்கிற வரைக்கும் தனக்குக் கஞ்சி உண்டு. இவருக்கு ஆயுசுக்கும் ஆட வராது. அப்படியானால் தனக்கும் ஆயுசுக்கும் பயமில்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அருவருப்பாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

மாலையில் அவன் கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். நிலவில் குதித்துப் போவது சுலபம். கீழடுக்கில் ஒற்றை அறை வீடு. மனைவி குமுதா அடுப்படியில் இருந்தாள். நடந்ததை எல்லாம் அபிநயத்தோடு சொன்னான். நரிமுகனாகவும் நிமலனாகவும் மாறிமாறி நடித்துக்காட்டினான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவரு கை கட்டை. பழி என் தலை மேல. என்ன ஜென்மங்க இதுங்கல்லாம்? அந்தப் பையன் தலைய மாட்டுத் தலை மாதிரி வெலக்கி வெலக்கிப் பாக்கறாங்க குமுதா. எனக்கு அப்படியே வாந்தி வந்துச்சு."

"சாமி காப்பாத்துச்சு. மூஞ்சி கழுவிட்டு வாங்க" என்றாள் குமுதா. அவள் கண் கலங்கியிருந்தது. அவளும் வரதனைப் பார்த்தவள்தான்.

ஏகாம்பரம் முகம் கழுவி, வாயை நாலு தடவை கொப்பளித்து, லுங்கிக்கு மாறினான். நல்ல நாள். கொண்டாட வேண்டாமா? அறை மூலையில் இருந்த தன் விளையாட்டுக் கணினியின் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஆமாம், ஏகாம்பரம் வீட்டிலும் ஒன்று இருந்தது. நிலாப்பாக்கத்தில் கணினி இல்லாத வீடு ஏது? பெரிய வீட்டுக்கு விலை கூடின தலை, சின்ன வீட்டுக்கு மலிவுத் தலை, அவ்வளவுதான் வித்தியாசம். அவன் ஆடுவது ஏறுதழுவல். ஒரு மாடுகூட இல்லாத நிலவில் பிறந்து வளர்ந்தவனுக்குத் திமிலைப் பிடித்துத் தொங்குவதில் அப்படி ஓர் ஆசை. கருப்பும் வெள்ளையுமாக ஒரு காளை வாடிவாசலிலிருந்து பாய்ந்து வந்தது. ஏகாம்பரம் தாவினான். காளை ஒரு நொடி அப்படியே நின்றது. அடுத்த நொடி கொம்பு அவன் வயிற்றில் இருந்தது.

"ச்சே! மறுபடி நின்னுடுச்சு!"

மறுபடி ஆடினான். மறுபடி குத்துப்பட்டான். ஏகாம்பரம் எழுந்து போய்ப் பெட்டியை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான்.

கதவு மெல்லத் திறந்தது. உள்ளே மரகதம் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். பிடரியிலிருந்து களிம்பு உருகி ஜாக்கெட்டுக்குள் வழிந்திருந்தது. "கொஞ்சம் தல சுத்திடுச்சு தம்பி. மாட்டோட மூச்சு நாத்தம் குப்புன்னு வந்துச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டா சரியாயிடும்" என்றாள்.

ஏகாம்பரம் மூக்கைச் சுளித்து ஓரடி பின்வாங்கினான். "என்னக்கா இது, பெட்டி இப்படி நாறுது?"

குமுதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கணவனைப் பார்த்து, "அந்தம்மா நல்லாத்தானே ஓட்டுது? நேத்துகூட எனக்குப் படம் சரியா வந்துச்சே. உங்களுக்குத்தான் கை..." என்றாள்.

"என் கைக்கு என்ன கேடு? என் கை சரியாத்தான் இருக்கு. இதுதான் ஓடல."

"காலைல வரைக்கும் பயந்து செத்தீங்களே..."

"அது வேற, இது வேற குமுதா. எனக்கு என்ன வயசு, இந்தக்காவுக்கு என்ன வயசு? உனக்கு இதெல்லாம் புரியாது."

அவன் தாஸைக் கூப்பிட்டான். திரையில் தாஸின் முகம் வந்தது. முதலில் எரிச்சலாக, புது ப்ராசஸர் வேண்டும் என்றதும் மலர்ந்து. "நீங்களா சார்?" என்றார். அத்தனை வருஷத்தில் தாஸ் அவனை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏகாம்பரம் லுங்கியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றான்.

"அந்தப் பையன், நவநீதன். நிமலன் சார் வேணாம்னுட்டாரே, அவன என்ன பண்ணப் போறீங்க?"

"அதையேன் கேக்கறீங்க சார். ஒருதரம் மாட்டிப் பாத்துத் திருப்பி அனுப்பின தலை. இனிமே பெரிய வீட்ல யாரும் எடுக்க மாட்டாங்க. உங்களுக்குன்னா கொறச்சுத் தரேன். ஆனா உச்சிச்செருகி. உங்க பெட்டிக்குச் சேராதே?"

"பெட்டியையும் மாத்திடலாம். என்ன பெரிய பெட்டி? தலையில பொடுகு கிடுகு இல்லயே?"

"சுத்தமான தலை சார். நாளைக்கே கூட்டிட்டு வரேன். அப்படியே பழசையும் எடுத்துக்கறேன்."

"பஜ்ஜி போட்டு வைக்கறோம்" என்றான் ஏகாம்பரம். திரை அணைந்தது. குமுதா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மரகதம் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கேட்காமல் எப்படி இருக்கும்? அந்தப் பேச்சு அவள் தலைக்குள் புகுந்துதானே போனது.

"என்னை எங்க தம்பி போடுவாங்க?"

ஏகாம்பரம் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆட்ட விசையைக் கையில் எடுத்தான். "கழிவுநீர்லதான்க்கா. பயப்படாதீங்க, உக்காந்த எடத்துல வேலை. மொத ரெண்டு மாசம் சோறு எறங்காது, அப்புறம் எல்லாம் பழகிடும்" என்றான். "டம்ளர வெளிய வெச்சிட்டு நல்லா சாஞ்சுக்கோங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். தூங்குவதற்கு முன்னால் இன்னும் ஒரு ஆட்டம் ஆட நேரம் இருந்தது.